செய்தி பார்த்தால் வேலை ஓடவில்லை, பார்க்காவிட்டால் ஊர் நடப்பு தெரியவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஜன்னலோர மேசை:

வணக்கம். நான்கு வருடமாகத் தனியாக வேலை பார்க்கிறேன். சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, அவ்வப்போது சின்ன வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட். பெரிய ஊர், சின்ன அறை, ஒரு மேசை. நான் கேட்கப்போவது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மாதக் கடைசியில் வரவைக் கூட்டிப் பார்க்கும்போது இது பளிச்சென்று தெரிகிறது, அதனால் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன்.

காலை ஏழரைக்கெல்லாம் மேசைக்கு வந்துவிடுவேன். கம்ப்யூட்டர் திறந்துகொள்வதற்குள் ஊரில் என்ன நடக்கிறது என்று போனில் ஒரு பார்வை. ஒரே ஒரு பார்வைதான். நிமிர்ந்தால் மணி பத்தே கால். ஒரு அமைச்சர் ராஜினாமா செய்வாரா மாட்டாரா என்று பதினாறு பேர் சொன்னதைக் கேட்டு முடித்திருப்பேன், கடைசியில் அவர் செய்திருக்கவும் மாட்டார்.

போன தேர்தல் முடிவு வந்த அன்று, குழந்தைகளுக்கான கணக்குப் பாட வீடியோ ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். திரையில் பாதி ஃபைல், பாதி முன்னணி நிலவரம். ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் கிளையண்டிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்திருந்தது, கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. படத்தில் இரண்டு முயல், பக்கத்தில் மூன்று முயல், கீழே என் வரி: "இரண்டும் மூன்றும் கூட்டணி, மொத்தம் ஐந்து." கூட்டல் என்று அடிக்க வேண்டிய இடம். தேடிப் பார்த்தேன், ஏழு இடத்தில் முயல்கள் கூட்டணி வைத்திருந்தன.

சரி, இனி இந்த வம்பே வேண்டாம் என்று செய்தி ஆப் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். மூன்று வாரம் அருமையாகப் போயிற்று. ஒரு நாளைக்கு 18 நிமிட வீடியோ முடிப்பவள் 25 நிமிடம் முடித்தேன். நான்காவது வாரம் ஊரின் மறுகோடியில் புது கிளையண்ட் ஒருவரோடு பத்து மணிக்கு முதல் சந்திப்பு. நல்ல சட்டை, லேப்டாப் பை, எல்லாம் சரியாக எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. போக்குவரத்து ஊழியர் வேலைநிறுத்தமாம், ஒரு வாரம் முன்பே அறிவித்தாயிற்றாம். வாசலில் நின்ற காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெளியூரா?" என்றார். பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்.

கார் கிடைக்கவில்லை, பாதி தூரம் நடந்து ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

பார்த்தாலும் அடி, பார்க்காவிட்டாலும் அடி. தனியாக வேலை செய்பவர்கள் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? "மன உறுதி வேண்டும்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அது என்னிடம் ஸ்டாக் இல்லை.

பிக்ஸல் பித்தன்:

முயல் கூட்டணிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஆபீசில் இருந்தபோது யாருமே நம்மிடம் செய்தி பார்க்கச் சொன்னதில்லை, ஆனாலும் வேலைநிறுத்தம் தெரியாமல் ஒருநாளும் போனதில்லை, கவனித்திருக்கிறீர்களா? லிஃப்டில் இரண்டு பேர் பேசுவார்கள், "நாளைக்கு எப்படி வரப்போறே?" என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள், சாயங்காலம் ஹெச்ஆரிடமிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லி மெயில் வந்துவிடும். ஊர்ச் செய்தியை நமக்கு வேண்டிய அளவுக்கு வடிகட்டித் தர இருபது பேர் இருந்தார்கள், சம்பளமில்லாமல். வேலையை விட்டபோது சம்பளத்தையும் இன்ஷூரன்ஸையும் கணக்குப் போட்டோம், இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நாங்கள் நான்கு பேர், எல்லாரும் தனித்தனியாக வேலை செய்கிறவர்கள், ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒருவர் டியூட்டி. அவர் மட்டும் ஊர்ச் செய்தி பார்ப்பார், அதில் நம் கால்களையும் கரண்டையும் நெட்டையும் பாதிக்கிறதை மட்டும் குழுவில் போடுவார். எந்தச் சாலை மூடல், எந்த நாள் ரயில் இல்லை, எங்கே மின்தடை, எப்போது கனமழை. கருத்து சொல்லக்கூடாது. ஒருமுறை ஒரு தீர்ப்பு வந்த அன்று ஒருத்தர் தாங்க முடியாமல் எட்டு வாய்ஸ் நோட் போட்டார், அபராதமாக அடுத்த வாரமும் அவருக்கே டியூட்டி. அதிலிருந்து ஒழுங்காக இருக்கிறார்.

டியூட்டி வாரத்தில் மட்டும் எனக்கும் வேலை கெடும், அதை மறைக்கவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு வாரம்தானே.

கரையில் நிற்பவன்:

நான் ஆறு வருடமாகச் செய்தியே பார்ப்பதில்லை. ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. தேவையானது தானாகக் காதுக்கு வந்துவிடும்.

ஜன்னலோர மேசை:

@கரையில் நிற்பவன் யார் மூலமாக வரும்? வீட்டில் வேறு யாராவது பார்க்கிறார்களா?

கரையில் நிற்பவன்:

மனைவி பார்ப்பார்.

பிக்ஸல் பித்தன்:

அவருக்கு 52 வாரமும் டியூட்டி.

பழைய டெஸ்க்:

பதினோரு வருடம் ஒரு செய்தி நிறுவனத்தில் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தேன், இப்போது தனியாகப் புத்தகங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். சமையல்கட்டுக்குள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரிய சம்பவம் ஒன்று நடந்தால் முதலில் செய்தி ஏஜென்சியிலிருந்து ஒற்றை வரி வரும். அந்த ஒற்றை வரியை நாங்கள் ஐந்து பத்தி ஆக்குவோம். முதல் பத்தியில் அந்த வரி, இரண்டாவதில் அதே வரி வேறு வார்த்தையில், மூன்றாவதில் அந்த இடத்தைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது, மிச்சம் போன வருடம் இதேபோல் நடந்தது. இருபது நிமிடம் கழித்துப் புதிதாக ஒன்றுமே வந்திருக்காது, ஆனால் தலைப்பை மாற்றி நேரத்தைப் புதுப்பித்து மறுபடி மேலே ஏற்றுவோம். ஏற்றாவிட்டால் அடுத்த நிறுவனத்துச் செய்தி முன்னால் நிற்கும். முதல் இரண்டு மணி நேரத்தில் வருகிற எண்ணிக்கை எதுவும் அநேகமாக ராத்திரி வரை நிற்காது. காலை ஒன்பது மணியிலிருந்து புதுப்பித்துப் புதுப்பித்துப் படித்தவரும், ராத்திரி எட்டு மணிக்கு ஒரே தடவை படித்தவரும் கடைசியில் ஒரே விஷயத்தைத்தான் தெரிந்துவைத்திருப்பார்கள். சொல்லப்போனால் எட்டு மணிக்காரருக்குத் தவறான தகவல் குறைவு.

இன்னொன்று. பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு, வானொலிச் செய்திக்கு "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" உண்டு. போனில் அது கிடையாது. கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும் அந்தத் திரையை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ரஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசினார். செய்தவரே வருத்தப்படுகிற பொருளோடு நீங்கள் மன உறுதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். செய்தி ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். உங்கள் ஊர் ரயில், பஸ் நிர்வாகத்தின் அறிவிப்பு, வானிலை எச்சரிக்கை, மின்தடை அறிவிப்பு, இந்த மூன்றை மட்டும் விட்டுவையுங்கள். மூன்றிலும் யாருடைய கருத்தும் இருக்காது. மற்றதெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு.

இருமொழிக்காரி:

பழைய டெஸ்க் அண்ணா சொல்வது நாளைக்கு வெளியே போகலாமா என்பதற்குச் சரி. தொழிலுக்குப் போதாது என்று நினைக்கிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளர், கேள்வி கேட்டவருக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. 2016இல் அமெரிக்கத் தேர்தல், ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தேன், எந்த மாநிலம் யாருக்கு என்று ஒப்பிப்பேன். அதே வருடம் செப்டம்பரில் கூகுள் தன் மொழிபெயர்ப்பை நரம்பியல் வலை முறைக்கு, அதாவது ஏராளமான உதாரணங்களிலிருந்து கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்ளும் முறைக்கு, மாற்றுவதாக அறிவித்தது, முதலில் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு. அடுத்த வருடமே தமிழும் அந்த வரிசையில் சேர்ந்தது. அது என் கண்ணிலேயே படவில்லை. 2018 வாக்கில் ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சியிலிருந்து மெயில்: இனி மொழிபெயர்க்க வேண்டாம், மெஷின் மொழிபெயர்த்துத் தரும், நீங்கள் திருத்தினால் போதும், வார்த்தைக்குப் பழைய ரேட்டில் பாதி. அந்த இரண்டு செய்தியில் என் வீட்டு வாடகையைத் தொட்டது எது?

2022 நவம்பர் 30 சாட்ஜிபிடி வெளிவந்த நாள். உலகக் கோப்பை கால்பந்து மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம், நானும் ஆட்டம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே மாதம் தொடங்கி 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நடுவில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதைப் படித்தேன், நல்லா இருக்கட்டும் என்று நினைத்தேன், எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன். அங்கே படப்பிடிப்பு நின்றால் சில மாதம் கழித்து இங்கே சப்டைட்டில் போட ஃபைல் வராது என்பது, ஃபைல் வராமல் போனபோதுதான் உறைத்தது.

அதனால் நான் இப்போது தலைப்புச் செய்தியை விட்டுவிட்டுத் தொழில் பக்கமாக வருகிற சின்னச் செய்திகளைத் தேடிப் படிக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை, ஒரு மணி நேரம். எந்த நிறுவனம் எதை வாங்கியது, எந்தத் தளம் கமிஷனை ஏற்றியது, எங்கே என்ன சட்டம் வருகிறது. பரபரப்பே இருக்காது, பாதி நாள் தூக்கம் வரும். தூக்கம் வந்தால் சரியான செய்தி படிக்கிறேன் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேர்ப்பேச்சு:

எல்லாரும் செய்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன், கேள்வி கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்போது உங்களுக்கு எத்தனை இன்வாய்ஸ் நிலுவையில் இருக்கிறது?

ஜன்னலோர மேசை:

இரண்டு. ஒன்று அனுப்பி 20 நாள்தான் ஆகிறது. இன்னொன்று 71 நாள்.

அதற்கும் இதற்கும் என்ன?

நேர்ப்பேச்சு:

நினைத்தேன். எனக்கும் இப்படித்தான் இருந்தது. கணக்கில் பணம் விழுந்துவிட்டதா என்று பேங்க் ஆப்பைத் திறப்பேன், விழுந்திருக்காது, மூடுவேன், மூடின கையோடு பக்கத்தில் இருக்கிற செய்தி ஆப்பைத் திறப்பேன். அங்கேயாவது ஏதாவது புதிதாக வந்திருக்கும். மெயில், பேங்க், செய்தி, மறுபடி மெயில். மூன்றையும் கீழே இழுத்து விடுகிற விரல் ஒன்றுதான். வேலை ஒழுங்காக ஓடி, பணம் ஒழுங்காக வந்த மாதங்களில் அதே போன், அதே ஆப், நான் தொட்டதுகூட இல்லை.

உங்கள் முயல் கூட்டணி நடந்த அன்றும் ஏதாவது ஒரு பேமெண்ட் நின்றிருக்கும், தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செய்தி ஆப்பைத் தூக்கினீர்கள் இல்லையா, அந்த மூன்று வாரம் வேலை நன்றாக ஓடியது என்றீர்களே, அப்போது பணம் ஏதும் வந்ததா?

ஜன்னலோர மேசை:

பழைய மெயிலைத் தோண்டிப் பார்த்தேன். தேர்தல் முடிவு அன்று ஒரு பேமெண்ட் 40 நாளைத் தாண்டியிருந்தது. ஆப்பைத் தூக்குவதற்கு முந்தைய நாள் அது வந்துவிட்டிருக்கிறது. ஆப்பைத் தூக்கியதால்தான் வேலை ஓடியது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். பணம் கையில் இருந்த நாளிலும் மூன்று மணி நேரம் செய்தி பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். சில நாள் ஊர் நிஜமாகவே பற்றி எரியும், அன்று கண்ணை மூடிக்கொண்டு சப்டைட்டில் எந்த நொடியில் வர வேண்டும் என்று டைம்கோடு பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, முடியவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நேர்ப்பேச்சு:

அது நியாயம். நான் மற்ற நாட்களைச் சொன்னேன்.

71 நாள் ஆளுக்கு என்ன எழுதினீர்கள்?

ஜன்னலோர மேசை:

"நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் பாருங்கள்" என்று.

நேர்ப்பேச்சு:

அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய டெஸ்க்:

இங்கே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், இருமொழிக்காரி சொன்ன தூக்கம் வரும் செய்திக்கு நல்ல உதாரணம். நியூயார்க் நகரத்தில் 2017 மே 15 முதல் ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பணம் தரும் தேதி அதில் குறிப்பிடப்படவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். தராவிட்டால் வழக்குப் போட்டு இரண்டு மடங்கு வரை கேட்கலாம். 2024 ஆகஸ்டில் அந்த மாநிலம் முழுவதற்கும் இதேபோன்ற சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இலேயே தாமதப் பணத்துக்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தார்கள், வட்டி கேட்கும் உரிமையோடு. என் நினைவில் இது எதுவும் எங்கள் டெஸ்க்கில் பிரேக்கிங்காக ஓடியதே இல்லை. உள்பக்கத்தில் ஒரு பத்தி போட்டிருந்தால் பெரிய விஷயம்.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாமல் போகலாம், உங்கள் ஊரில் என்ன சட்டம் என்று தேடிப் பாருங்கள், ஒன்றுமே இல்லாமல் இருக்காது. நியூயார்க் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அபராதம்கூட இல்லை, தேதி இல்லை என்றால் 30 நாள் என்ற அந்த ஒரு வரி. அதை நான் சட்டம் ஏதும் இல்லாமலே என் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறேன். "விரைவில்", "சீக்கிரம்", "நேரம் கிடைக்கும்போது" போன்ற வார்த்தைகளை இன்வாய்ஸ் மெயிலில் எழுதவே கூடாது. தேதி எழுதுங்கள். தேதி போட்டால்தான் அவர்கள் அக்கவுண்ட்ஸில் ஒரு கட்டத்தில் ஏறும், இல்லாவிட்டால் யாருடைய மேசையிலும் அது வேலையாக விழாது.

பிக்ஸல் பித்தன்:

பாதி முன்பணம் வாங்கிக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்கக் கூச்சமாக இருக்கும். கூச்சம் மூன்று கிளையண்ட் வரைக்கும்தான்.

இருமொழிக்காரி:

முன்பணம் தராத ஏஜென்சிகளும் உண்டு, எங்கள் பக்கத்தில் அதுதான் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய ஃபைலை மொத்தமாக அனுப்பாமல் மூன்று தவணையாக அனுப்பி, தவணைக்கு ஒரு இன்வாய்ஸ் போடுங்கள். முதலாவது வராமல் மூன்றாவது போகாது. சண்டை போடவே வேண்டியிருக்காது, ஃபைல் தானாக மெதுவாகும்.

ஜன்னலோர மேசை:

நான்கு நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பிக்ஸல் பித்தன் சொன்ன மாதிரி மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தாயிற்று, முதல் வாரம் என் தலையில். ரயில், வானிலை, மின்சாரம் தவிர எல்லா நோட்டிஃபிகேஷனும் அணைத்தாயிற்று. ராத்திரி எட்டு மணி திட்டம் இரண்டு நாள் தாங்கியது, மூன்றாம் நாள் மூன்றரைக்கே எட்டு மணி ஆகிவிட்டது. பார்க்கலாம்.

71 நாள் கிளையண்டுக்கு நேற்று மறுபடி எழுதினேன். இந்த முறை "நேரம் கிடைக்கும்போது" இல்லை. இன்வாய்ஸ் எண், வேலையை அனுப்பிய தேதி, இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் கணக்கில் வர வேண்டும், அதுவரை அடுத்த எபிசோடு ஃபைல்களைத் தொடங்க இயலாது. அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 31 நிமிட வீடியோ ஒன்றைத் தலை தூக்காமல் முடித்தேன். டெலிவரி கொடுத்த பிறகுதான் போனையே நினைத்தேன்.

இன்று காலை பதில் வந்தது. ஒரே வரி. "அக்கவுண்டண்ட் லீவில் இருக்கிறார், வந்ததும் முதல் வேலையாகப் போடச் சொல்கிறேன்."

நேர்ப்பேச்சு:

அவர் 2019லிருந்து லீவில்தான் இருக்கிறார். எனக்கும் அதே அக்கவுண்டண்ட்தான். 20ஆம் தேதியை விடாதீர்கள்.